துவைக்காத சட்டை

"இந்தக் கறை போகலைங்க." அந்தப் பெண் ஒரு வெள்ளைச் சட்டையை மேஜைமேல் விரித்தாள். "மூணு தடவை துவைச்சுட்டேன். லாண்டரி வச்சிருக்கிற நானே தோத்துட்டேன்."

சின்னவன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். ஒரு கிடங்கு வாசலில் காருக்குள் உட்கார்ந்து இரண்டு ராத்திரி ஓர் ஆளுக்காகக் காத்திருந்ததில் ஆள் வரவில்லை, முதுகுவலி வந்தது. கண்ணுக்குள் மணல் போட்டதுபோல் இருந்தது.

"கறைக்கு சோப்புக் கம்பெனிக்குப் போகணும்க்கா. இது துப்பறியற ஆபீஸ்."

"நீ கொஞ்சம் சும்மா இரு," என்றாள் அண்ணி.

அண்ணி என்றால் அவனுடைய அண்ணன் மனைவி. பத்தொன்பது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளை விசாரித்தவள். ஒருநாள் அடையாள அட்டையைக் கழற்றி மேலதிகாரி மேஜையில் வைத்துவிட்டு, ஜெராக்ஸ் கடைக்கு மேலே இந்த ஒற்றை அறையைப் பிடித்தாள். அப்போது சின்னவன் ஆறாவது வேலையை விட்டுவிட்டு ஏழாவதைத் தேடிக்கொண்டிருந்தான். தேடல் இங்கே முடிந்தது. நாற்பத்தொரு வயதிலும் வீட்டில் அவன் சின்னவன்தான். ஆபீஸிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

"சட்டை யாரோடது?" என்று கேட்டாள் அண்ணி.

"என் வீட்டுக்காரரோடது. லிஃப்ட் மெக்கானிக். வாரம் பூரா லிஃப்ட், ஞாயித்துக்கிழமை சைக்கிள் ரேஸ். கிளப்ல பதினோரு வருஷமா இருக்கார். பாட்டில்னு கூப்பிடுவாங்க."

சின்னவன் ஒரு கண்ணைத் திறந்தான். "நிறைய குடிப்பாரோ?"

"குடிக்கிற தண்ணிங்க. ரேஸ் நடுவுல பின்னாடி வர்ற கார்கிட்ட போய் அஞ்சு பேருக்கும் பாட்டில் வாங்கிட்டு வர்றது இவர் வேலை. மத்த நேரம் முன்னாடி போய்க் காத்தை வாங்கிக்கணும். கேப்டன் பின்னாடி மறைவுல, சக்தியைச் செலவு பண்ணாம வருவார். கடைசியில அவர் மட்டும் பாய்ஞ்சு போய் ஜெயிப்பார். கப்பு அவருக்கு. பதினோரு வருஷத்துல இவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது சளி மட்டும்தான்."

சொல்லிவிட்டு அவள் ஒரு காகிதத்தை நீட்டினாள். தட்டச்சு செய்த கடிதம். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அண்ணி சத்தமாகப் படித்தாள்.

"'பாலத்திலிருந்து விபத்து நடந்த இடம்வரை அணியின் முதல் ஆளாக நானே ஓட்டினேன். கேப்டன் எனக்கு அடுத்து வந்தார். சாலையிலிருந்த பள்ளத்தைக் கையால் காட்ட நான் தவறிவிட்டேன்.'"

"போன ஞாயித்துக்கிழமை கேப்டன் விழுந்துட்டார். அவர் மேல வேற கிளப்காரர் ஒருத்தர் ஏறி விழுந்து மணிக்கட்டு ரெண்டா போச்சு. அவர் பல் டாக்டர். யார் தப்புன்னு எழுத்துல கொடுங்க, போலீஸ்ல கொடுக்கணும்னு கேக்கறார். சாயங்காலம் ஆறு மணிக்கு கிளப்ல இவர் இதுல கையெழுத்துப் போடப்போறார்."

"போட்டா?"

"கவனக்குறைவுன்னு ஒரு கேஸ் வந்தா லிஃப்ட்டைத் தொட விடமாட்டாங்க. லைசென்ஸை வாங்கிடுவாங்க. அவருக்கு வேற வேலை தெரியாது." அவள் குரல் உயரவில்லை. களைத்துப்போன குரல். "சைக்கிள்ல முன்னாடி போறவனுக்குத்தான் ரோடு தெரியும். பின்னாடி வர்றவனுக்கு முன்னாடி இருக்கிற சக்கரம் மட்டும்தான் தெரியும். அதனால முன்னாடி போறவன் குழியைக் கை நீட்டிக் காட்டணும். சோறு திங்கும்போதே தட்டுக்குப் பக்கத்துல எறும்பு போனா கை நீட்டிக் காட்டற மனுஷன் இவர். இவர் மறந்தார்னா நான் நம்பணுமா?"

"அவர் என்ன சொல்றார்?"

"நான்தான் முன்னாடி இருந்தேன், விடுங்கறார். கண்ணைப் பார்த்துச் சொல்லமாட்டேங்கறார்."

அண்ணி சட்டையைத் திருப்பிப் போட்டாள். முதுகில் நடுவே ஒரு கோடு மங்கலாகத் தெரிந்தது. முன்பக்கம் திருப்பினாள். நெஞ்சிலிருந்து கழுத்துவரை புள்ளி புள்ளியாகப் பழுப்புக் கறை.

"மழை எப்போ பெய்ஞ்சுது?"

"பாலத்துக்கு வர்றப்பதான் ஆரம்பிச்சதாம். அதுவரைக்கும் நல்ல வெயில்."

அண்ணி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். மணி மூன்றே கால். சின்னவன் கார் சாவியைத் தேடினான். அது அவன் கையிலேயே இருந்தது.

*

போகிற வழியில் சின்னவன் அணியில் இருந்த இரண்டு பேரிடம் போனில் பேசினான். இரண்டு பேச்சும் சேர்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"'பாலத்திலிருந்து பாட்டில் முன்னாடி, கேப்டன் ரெண்டாவது.' ரெண்டு பேரும் இதேதான் அண்ணி. ஒரே இடத்துல மூச்சு விட்டாங்க."

கிளப் என்பது டயர் கடைக்குப் பின்னால் ஒரு பழைய கார் ஷெட். உள்ளே சங்கிலி எண்ணெய் வாசனை. கூரையிலிருந்து சைக்கிள்கள் தலைகீழாகத் தொங்கின. கிளப் செயலாளர் ஒரு கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்திருந்தார், சட்டைப்பையில் சிவப்புப் பேனா. ஞாயிற்றுக்கிழமை வரிசையில் மூன்றாவதாகப் போனவர் அவர்தான்.

"பாலத்திலிருந்து பாட்டில் முன்னாடி..." என்று ஆரம்பித்தார்.

"கேப்டன் ரெண்டாவது," என்று முடித்தான் சின்னவன். "மூணு பேருக்கும் ஒரே விடை சார். உங்க கிளாஸ்ல இப்படி வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

வாத்தியார் சிரிக்கவில்லை. "எங்ககிட்ட ஆளுக்கு ஒரு துண்டு ரோடு பிரிச்சுக் கொடுத்திருக்கும். பாலத்திலிருந்து மேடுவரைக்கும் முன்னாடி போறது பாட்டிலோட துண்டு. அது அவர் முறை. இதுல என்ன சந்தேகம்?"

அண்ணி அவரைக் கவனிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே இரண்டு ஆணிகளில் இரண்டு வெள்ளைச் சட்டைகள் தொங்கின. ஒவ்வொன்றின் கீழும் ஒரு ஜோடி கையுறை.

"இது என்ன?"

"விழுந்தவங்க சட்டை," என்றார் வாத்தியார். "கிளப் ஆரம்பிச்ச நாளிலேருந்து இருக்கிற பழக்கம். ரேஸ்ல யாராவது விழுந்தா சட்டையைத் துவைக்காம அப்படியே இங்க மாட்டிடுவோம். அவர் திரும்ப சைக்கிள் ஏறுற அன்னிக்குத்தான் இறக்குவோம். இந்தப் பக்கம் இருக்கிறது தபால்காரரோடது, போன வருஷம் விழுந்தார். அது கேப்டனோடது."

"யார் மாட்டினது?"

"நான்தான். விழுந்த அன்னிக்கே."

அண்ணி கேப்டன் சட்டைக்குக் கிட்டே போனாள். இடது தோள் கிழிந்திருந்தது. காலரில் காய்ந்த ரத்தம். முதுகில் இடுப்பிலிருந்து கழுத்துவரை ஒரே கோடாகச் சேறு ஏறியிருந்தது. முன்பக்கத்தைத் திருப்பினாள். நெஞ்சு வெள்ளையாக இருந்தது.

"சின்னவனே, ஈர ரோட்டுல சைக்கிள் ஓட்டியிருக்கியா? மட்கார்டு இல்லாம?"

"ஓட்டி அம்மாகிட்ட உதை வாங்கியிருக்கேன். முதுகு பூரா சேறாகும்."

"யாருக்காவது பின்னாடி ஓட்டினா?"

"முன்னாடி போறவன் சக்கரம் எல்லாத்தையும் நம்ம மூஞ்சியில..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். சுவரில் தொங்கிய சட்டையைப் பார்த்தான்.

"பாட்டில் சட்டையில நெஞ்செல்லாம் சேறு. லாண்டரிக்காரம்மா மூணு தடவை துவைச்சும் போகல," என்றாள் அண்ணி. "கேப்டன் நெஞ்சுல ஒரு சொட்டு இல்லை. அவருக்கு முன்னாடி யாருமே இல்லை."

"மேல மழைக்கோட்டு போட்டிருந்திருப்பார்," என்றார் வாத்தியார். குரல் பிசிறியது.

"போட்டிருந்தா முதுகும் வெள்ளையா இருக்கும்."

வாத்தியார் சுவரைப் பார்த்தார். ஐந்து நாளாக அந்தச் சட்டைக்கு எதிரில் உட்கார்ந்துதான் கடிதத்துக்கு வார்த்தை தேடியிருக்கிறார்கள். விழுந்தவன் சட்டை என்றால் அவர்களுக்கு மரியாதை. தூசி தட்டக்கூட அதைத் தொடமாட்டார்கள். தொட்டிருந்தால் அவர்களே பார்த்திருப்பார்கள், இத்தனை வருஷம் மழையில் ஓட்டியவர்கள்தானே. அவர் மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எங்களை ஒண்ணும் கேக்காதீங்க மேடம். கேப்டன்கிட்ட கேளுங்க. டிப்போவில இருப்பார். அஞ்சு பத்துக்கு அவர் வண்டி கிளம்பும்."

"என்ன வண்டி?"

"அவர் பஸ் டிரைவர்."

அண்ணி கிளம்புவதற்கு முன் தபால்காரரின் கையுறையை எடுத்து உள்ளங்கைப் பக்கம் பார்த்தாள். தோல் நார் நாராகக் கிழிந்திருந்தது. பிறகு கேப்டனுடையதை எடுத்தாள். இரண்டையும் இருந்த இடத்திலேயே மாட்டினாள். ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணி ஒன்றும் சொல்லாமல் இருந்தால் விஷயம் பெரிது என்று சின்னவனுக்குத் தெரியும். அவனுக்கு அப்போது கோபம்தான் வந்தது.

"நல்லா இருக்கு அண்ணி," என்றான் காரில். "தானே ஓட்டி, தானே விழுந்துட்டு, தண்ணி தூக்கினவன் தலையில கட்டியிருக்கான். பேரு கேப்டன். மூணு பேர் அதுக்கு ஒத்து ஊதறாங்க. இதுக்குப் பேர்தான் டீம் வேலையா?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டு."

*

டிப்போவில் பஸ் புறப்படத் தயாராக நின்றது. முக்கால்வாசி இருக்கைகள் நிரம்பிவிட்டன. இன்னும் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கேப்டன் டிரைவர் சீட்டில் இருந்தார். ஐம்பதை நெருங்கும் ஒல்லி உடம்பு, தாடையில் பிளாஸ்திரி, கண்ணுக்குக் கீழே கருவளையம். ஆளைப் பார்த்தால் கப்பு வாங்கியவர்போல் இல்லை.

அண்ணி டிரைவர் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே நின்றாள். "பாட்டில் விஷயமா வந்திருக்கோம். உங்க உள்ளங்கையைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"ஜோசியம்," என்றான் சின்னவன். "காட்டுங்க சார்."

கேப்டன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து விரித்தார். ஒரு கீறல் இல்லை.

"கையுறை சுவர்ல தொங்குது, அதுலயும் கீறல் இல்லை," என்றாள் அண்ணி. "விழுறவன் எவனா இருந்தாலும் கை ஊனுவான். குழந்தைகூட ஊனும். தபால்காரர் கையுறை நார் நாரா இருக்கு. நீங்க கையே நீட்டல. தாடையில விழுந்திருக்கீங்க. விழுறோம்னு உங்களுக்குத் தெரியவே இல்லை."

கேப்டன் கையை மடக்கிக்கொண்டார். சின்னவனுக்கு இப்போதுதான் உறைத்தது. சட்டை சொன்னது பாதிதான். மீதியைக் கையுறை வைத்திருந்தது.

"தூக்கமா?" என்று கேட்டாள் அண்ணி.

"தெரியல மேடம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "பாலம் ஞாபகம் இருக்கு. மழை ஞாபகம் இருக்கு. அப்புறம் பாட்டில் கத்தினது கேட்டுச்சு. கண்ணைத் திறந்தா ரோட்டுல கிடக்கறேன். தூக்கமா, வேற ஏதாவதான்னு தெரியல. டாக்டர்கிட்ட போகல. போனா வண்டி ஓட்டக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்துடுவார்."

"இது முதல் தடவையா?"

கேப்டன் இல்லையென்று தலையாட்டினார். "மூணாவது. ஒரு தடவை சிக்னல்ல. பின்னாடி வண்டிக்காரன் ஹாரன் அடிச்சு எழுப்பினான்."

"எந்த வண்டியில இருந்தீங்க அப்போ?"

அவர் கை ஸ்டியரிங்குக்குப் போனது. 

"அதுக்குப் பாட்டிலைப் பலி கொடுத்துட்டீங்க," என்றான் சின்னவன். "பள்ளம்னு ஒண்ணைத் தோண்டி அதுல அவரைத் தள்ளிட்டீங்க."

கேப்டன் அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சண்டை இல்லை.

"நான் தள்ளலை தம்பி. ரோட்டோரம் என் தலையை மடியில வச்சுக்கிட்டு பாட்டில்தான் சொன்னான், நான் முன்னாடி இருந்தேன்னு சொல்லிக்கறேன், பள்ளம்னு சொல்லிக்கறேன், நீ வாயைத் திறக்காதேன்னு. மத்த மூணு பேருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தது அவன். கடிதம் எழுதினதும் அவன். வாத்தியார் பிழை திருத்தினார், அவ்வளவுதான்."

"ஏன்?"

"அது அவன் துண்டு. பாலத்துக்கு முன்னாடிதான் கார்வரைக்கும் போய் அஞ்சு பாட்டில் தூக்கிட்டு விரட்டி வந்தான். மூச்சு வாங்குது, மூஞ்சி வெளுத்துப் போச்சு. நான்தான், நீ என் பின்னாடி வா, நான் இழுக்கறேன்னு முன்னாடி போனேன். கேப்டன் போகக் கூடாது. போனேன். அவன் முறையை நான் எடுத்துக்கிட்டேன், அதுல விழுந்தேன். அவன் மனசுல அது அவன் விழ வேண்டியது."

 சின்னவன் வரும் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த கோபத்தை எங்கே இறக்குவது என்று தெரியாமல் நின்றான்.

உள்ளே மணி அடித்தது. கண்டக்டர் படியில் நின்று, "போலாமா?" என்றார். கேப்டன் சாவியைத் திருப்பினார். பஸ் உறுமியது.

"இந்த ஒரு டிரிப்பை முடிச்சுட்டு வந்துடறேன் மேடம். எட்டு மணிக்குள்ள கிளப்புக்கு வந்து எல்லாத்தையும் சொல்லிடறேன். சத்தியமா."

"ஆறு மணிக்கு அவர் கையெழுத்துப் போட்டுடுவார்."

"போன் பண்ணிச் சொல்றேன்."

"கையெழுத்து ஒரு பக்கம் இருக்கட்டும்," என்றாள் அண்ணி. அவள் குரலும் களைத்துத்தான் இருந்தது. ஆனால் ஜன்னல் விளிம்பில் வைத்த கையை எடுக்கவில்லை. "சைக்கிள்ல உங்களுக்குப் பின்னாடி பாட்டில் இருந்தார். உங்க தலை தொங்கறதைப் பார்த்தார், கத்தினார், விலகினார். அப்படியும் ஒருத்தர் மணிக்கட்டு போச்சு. இங்க உங்களுக்குப் பின்னாடி ஐம்பது பேர் இருக்காங்க. ஒருத்தரும் உங்க தலையைப் பார்க்கல. ஜன்னலைப் பார்த்துக்கிட்டு வர்றாங்க."

"ஸ்டியரிங்கை விட்டா எனக்கு வேற எதுவும் தெரியாது மேடம்."

"பாட்டிலுக்கும் லிஃப்ட்டை விட்டா வேற எதுவும் தெரியாது."

கேப்டன் உள்கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். அதில் பஸ் முழுக்கத் தெரிந்தது. ஒரு பெண் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கிழவர் டிக்கெட்டைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் இரண்டாவது முறை மணி அடித்தார்.

எஞ்சின் நின்றது.

கேப்டன் இறங்கி, சாவியைக் கையில் பிடித்தபடி நேரக் காப்பாளர் அறைக்கு நடந்தார். சைக்கிள்காரர்களின் நடை. முழங்கால் சற்றே வளைந்திருந்தது. பஸ்ஸுக்குள் முணுமுணுப்பு எழுந்தது.

"என்னய்யா ஆச்சு?" என்று ஒரு பெரியவர் சின்னவனைப் பார்த்துக் கேட்டார். "பத்து நிமிஷமா டிரைவரைப் பேசவிட்டுக் கெடுத்தது நீங்கதானே?"

"ஆமாங்கய்யா."

"வேலை வெட்டி இல்லாத பசங்க. எங்க நேரத்தைத் தின்கிறதுக்குன்னே வர்றாங்க."

"வீட்லயும் இதைத்தான் சொல்றாங்க," என்றான் சின்னவன். வழக்கமான வேகம் அதில் இல்லை.

கண்ணாடி வழியாக அறைக்குள் தெரிந்தது. கேப்டன் நின்றுகொண்டே பேசினார். நேரக் காப்பாளர் முதலில் எழுதினார், பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். கேப்டன் உட்காரவில்லை. சாவி மேஜைக்கு மாறியது. கொஞ்ச நேரத்தில் வேறொரு டிரைவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, சலித்துக்கொண்டே வந்து பஸ்ஸில் ஏறினார்.

*

ஆறு அடிக்க நான்கு நிமிஷம் இருக்கும்போது மூவரும் ஷெட்டுக்குள் நுழைந்தார்கள். பாட்டில் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். குட்டையான, தோள் அகன்ற மனிதர். வேலை உடுப்பிலேயே வந்திருந்தார். வாத்தியாரின் சிவப்புப் பேனாதான் கையில் இருந்தது. மற்ற மூன்று பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவருடைய மனைவி கதவோரம் நின்றாள்.

கேப்டனைப் பார்த்ததும் பாட்டிலின் முகம் மாறியது. "உனக்கு இப்ப டியூட்டியாச்சே?"

"சாவியைக் கொடுத்துட்டேன். நாளைக்கு டாக்டர்கிட்ட போறேன்." கேப்டன் கடிதத்தை எடுத்து நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "பல் டாக்டர் வீட்டுக்கு நான் போய்க்கறேன். நானே முன்னாடி போனேன், கண் மூடிச்சு, விழுந்தேன்னு எழுதிக் கொடுத்துடறேன். பள்ளமெல்லாம் வேண்டாம். அந்த ரோட்டைப் போட்டவனாவது நிம்மதியா இருக்கட்டும்."

யாரும் சிரிக்கவில்லை.

பாட்டில் திரும்பி அண்ணியைப் பார்த்தார். பிறகு மனைவியை. யார் அழைத்து வந்தது என்று புரிந்துகொண்டார்.

"உங்களை யார் கேட்டா?" என்றார் அண்ணியிடம். குரலை உயர்த்தவில்லை. "பதினோரு வருஷமா இவனுக்குக் காத்தை மறைச்சுக்கிட்டு வந்தவன் நான். எந்தக் கப்புக்கும் முன்னாடி நின்னதில்லை. இதுல ஒண்ணுல நிக்கறேன்னேன். அதையும் பிடுங்கிட்டீங்க."

 பதில் சொன்னவர் கேப்டன்தான்.

"நிக்கணும்னா நீ விழுறப்போ நில்லு. இது என்னோடது. சுவர்ல தொங்கறது என் சட்டை."

"நீ விழுந்தது என் ரோட்டுல."

"ரோடு உன்னோடது. தூக்கம் என்னோடது. அதை நீ எப்படித் தூக்கிட்டு வருவே? அது பாட்டில் இல்லையே."

பாட்டில் பேனாவை மேஜையில் வைத்தார். கொஞ்ச நேரம் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிரீஸ் ஏறிய கைகள். பிறகு எழுந்து, கூரையிலிருந்து தன் சைக்கிளை இறக்கி, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே போனார். வழிவிட்டு நின்ற மனைவியைக் கடந்துதான் போனார்.

வாசலில் அவள் அண்ணியிடம் வந்தாள்.

"இனி என்கிட்ட பேசமாட்டார்."

"எத்தனை நாளைக்கு?"

"லிஃப்ட் நடுவுல நின்னா கணக்கு உண்டா?" அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுகை இல்லை, வியர்வை. "பரவாயில்லைங்க. நாளைக்கு எட்டு மணிக்கு டிபன் டப்பாவைத் தூக்கிட்டு வேலைக்குப் போவார் இல்ல, பேசாமலே போகட்டும்."

அவள் நடந்தாள். தெருமுனையில் அவள் கணவர் சைக்கிளில் ஏறி ஓட்டாமல் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வேகமாகவும் போகவில்லை.